பழனிச்சாமி மெயினை இறக்கிய நாள்

நம் கணினிச் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் மேடையேறி உங்களையெல்லாம் சிரிக்க வைத்த ஆலோசகர் பொய் சொன்னார். மறதியில் வந்த பொய் அல்ல. வயதானதால் வந்த குழப்பமும் அல்ல. தெரிந்தே சொன்னார், பலமுறை சொல்லிப் பழகிய வாயோடு சொன்னார்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக அவர் சொன்ன கதையை முதலில் எழுதிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. ஆயுத பூஜையன்று அங்கிருந்த எலக்ட்ரீஷியன் ரூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, யாரையும் கேட்காமல் மெயினை இறக்கிவிட்டானாம். மறுநாள் ஆலையின் இணையப் பாதுகாப்பு மொத்தமும் காணாமல் போயிருந்ததாம். “ஹேக்கர் உடைக்காத ஃபயர்வாலை ஒரு பூசாரி உடைத்தான்” என்றார். அரங்கமே சிரித்தது. பெயரைச் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை. பூசாரி, அவ்வளவுதான்.

அந்த ஆலையில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். நீங்கள் சிரித்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளும் நான்தான். எழுந்து பேசியிருக்கலாமே என்பீர்கள். அப்போது வாயைத் திறந்திருந்தால் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைதான் வந்திருக்கும். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். இந்த இதழின் ஆசிரியர் கொஞ்சம் மென்மையாக எழுதச் சொன்னார். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பூசாரியின் பெயர் பழனிச்சாமி. கிணத்துக்கடவுக்காரர். தினமும் பொள்ளாச்சி பஸ் பிடித்து வருவார். அப்போதே நாற்பதைத் தாண்டியவர். எங்கள் ஆலையில் கேபிள் இழுத்தது முழுக்க அவர்தான். பஞ்சுத் தூசியும் மோட்டார் சத்தமும் நிறைந்த கூடத்தில், மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் ஓட்டினால் சிக்னல் கெடும் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டு, கூரை ஓரமாகத் தனிப்பாதை போட்டவர். அவர் இழுத்த கேபிள் ஒன்றுகூட நான் இருந்தவரை பழுதாகவில்லை. இன்று சான்றிதழ் வைத்திருக்கிறவர்கள் இழுத்துவிட்டுப் போகிற லட்சணத்தை நான் பார்த்திருக்கிறேன், பேச்சை வளர்க்க வேண்டாம்.

தீபாவளிக்குப் பிறகு அவரைக் கணினிப் பிரிவுக்கே நிரந்தரமாக மாற்றித் தருவதாக முதலாளி என் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். பழனிச்சாமி அதற்காக ஒரு நோட்டு வாங்கி, ஆங்கில எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். இது உங்களுக்கு நினைவில் இருக்கட்டும்.

இணையத்துக்கான தனி இணைப்பு, லீஸ்டு லைன், வந்தபோது முதலாளி ஆலோசகரைக் கூப்பிட்டார். என்ன வாங்குவது என்று சொல்வதற்கு. சொல்கிறவரே விற்கிறவராகவும் இருந்தது அன்று யாருக்கும் உறுத்தவில்லை. இன்றும் உங்களில் பலருக்கு உறுத்துவதில்லை. அவர் ஆலைக்குள் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க ஒரு பெரிய சுவிட்ச் கொண்டு வந்து இறக்கினார். ஆள் உயரக் கண்ணாடிக் கதவுப் பெட்டி. அடுக்கடுக்காகப் பச்சை விளக்குகள். அதில் மாட்டுவதற்கு எங்களிடம் இருந்தவை பதினோரு கம்ப்யூட்டர்கள்.

பழனிச்சாமி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங் மேடம், ஒரு ஆட்டுக்குட்டிய ஏத்தறதுக்குப் பத்துச் சக்கர லாரியா?” என்றார்.

இணையம் ஆலைக்குள் நுழையும் இடத்தில் ஆலோசகர் வைத்தது ஒரு சின்ன ரூட்டர். அதற்குப் பின்னால் வேறு காவல் இல்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றையாவது ஃபயர்வாலாக நிறுத்தலாம், உள்ளே சாதாரண சுவிட்ச் ஒன்று போதும் என்று நான் சொன்னேன். ஆலோசகர் என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்.

“அமெரிக்காக்காரன் நம்ம கோயமுத்தூர் மில்லுக்குள்ள வந்து என்னத்தத் திருடப் போறானுங்க? பஞ்சையா? ரூட்டர்லயே நாலு விதி போட்டுட்டா போதுங்க.”

பழனிச்சாமி ஏணியில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பேசு என்று யாரும் சொல்லவில்லை. பேசினார்.

“இல்லீங் சார், எனக்குத் தெரியிலீங்க, கேக்கறேன். கம்பத்துல இருந்து லைன் ஊட்டுக்குள்ள வர்ற எடத்துலதானுங்க மெயினும் பீஸ் கட்டையும் வெப்போம். நீங்க உள்ளார நல்லாப் பெருசா வெச்சுப்போட்டு, வாசல்ல இத்துனூண்டு வெக்கறீங்களே?”

“நீ கேபிளப் பாருப்பா,” என்றார் ஆலோசகர்.

நெட்வொர்க்கின் எல்லைப் பாதுகாப்பைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பேச்சுகள் கேட்டுவிட்டேன். அந்த ஏணிமேல் இருந்தவர் சொன்னதற்கு மேல் ஒன்றும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் முதலாளிக்குக் கண்ணாடிப் பெட்டி பிடித்துவிட்டது. வருகிறவர்களையெல்லாம் கூட்டி வந்து விளக்குகளைக் காட்டுவார். ரூட்டரை யாருக்கும் காட்டியதில்லை. அது மேசைக்கு அடியில் ஒரு செங்கல்மேல் இருந்தது.

அடுத்தது முக்கியம். யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது என்று ரூட்டருக்குச் சொல்லும் விதிகளை ஆலோசகர் பீளமேட்டில் இருந்த தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே லைன் வழியாக எழுதினார். தொலைவிலிருந்து எழுதும்போது ஒரு விதி தப்பினால் எழுதுகிறவனையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். அதற்கு அன்று எல்லோரும் ஒரு வழி வைத்திருந்தோம். விதியை எழுதுவோம், சேமிக்க மாட்டோம். மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் இருக்கிற ஆளிடம் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வோம். சேமிக்காததெல்லாம் மறைந்து பழைய நிலை வந்துவிடும். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு சேமிப்போம். நல்ல வழிதான். கடைசிப் படியை மறக்காதவனுக்கு.

ஆலோசகர் இரண்டு முறை தன்னையே வெளியே பூட்டிக்கொண்டார். இரண்டு முறையும் தொலைபேசியில் கத்தினார். இரண்டு முறையும் அணைத்துப் போட்டவர் பழனிச்சாமி. அதன் பிறகு ஆலோசகரே நேரில் வந்து ஒரு தாளில் பேனாவால் எழுதி, கண்ணாடிக் கதவின் உட்புறம் ஒட்டினார். ‘ரூட்டர் நின்றால்: அணைக்கவும். பத்து எண்ணவும். போடவும். யாரையும் கேட்க வேண்டாம்.’ கீழே தன் சுருக்கொப்பம்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள்.

பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. “முடிஞ்சுதுங்க அம்மணி, இனி எறும்புகூட உள்ள வராது.” அவர் சேமித்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. ரூட்டரின் கடவுச்சொல்லை அவர் எனக்குத் தரவில்லை. கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சண்டை போட்டாவது வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. இது என் தவறு, இதை யார் தலையிலும் கட்டப் போவதில்லை. உங்கள் வாசலின் சாவி உங்களிடம் இல்லாவிட்டால் நீங்கள் அந்த வீட்டில் வாடகைக்குக்கூட இல்லை, வேடிக்கை பார்க்கிறீர்கள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்து ஆலைகளில் அன்று எல்லா இயந்திரமும் நிற்கும். துடைத்து, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். மெயின் இறங்கியே இருக்கும். விஜயதசமி காலையில் முதலாளி தன் கையால் ஏற்றுவார். ரூட்டர் வந்த பிறகு இதுதான் முதல் பூஜை. கணினி அறைக்கு யூ.பி.எஸ் இருந்ததால் அதை மட்டும் ஓட விடலாமா என்று கேட்டேன்.

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. “ஏனுங் அம்மணி, ஸ்பிண்டிலுக்கு ஒரு நாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நாயமா? அதும் நமக்குச் சோறு போடறதுதானுங்களே. ஒரு நாள் ஓய்வு குடுங்க.”

அந்த மனிதருடைய பக்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு பொரிகடலை வாங்கித் தின்ற ஆள் நான். ஆனால் நாங்கள் கேட்காமல் அணைக்கவில்லை. முந்தின நாள் நானே ஆலோசகருக்குத் தொலைபேசி செய்தேன். பழனிச்சாமி பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் அணைக்கப் போகிறோம், என்ன செய்ய வேண்டும் என்றேன்.

ஆலோசகர் கால் மணி நேரம் பேசினார். அத்தனையும் பெரிய சுவிட்சைப் பற்றி. அதை எந்த வரிசையில் இறக்குவது, எந்த வரிசையில் ஏற்றுவது, தண்ணீர் தெளித்துவிடக் கூடாது, குங்குமம் காற்றுத் துளையில் போய்விடக் கூடாது. நான் எழுதிக்கொண்டேன். கடைசியில், “ரூட்டருங்க?” என்றேன்.

“அது சும்மா டப்பாங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா வந்துரும். உங்க பழனிச்சாமிக்குத் தெரியுமே.”

பழனிச்சாமிக்குத் தெரியும். ஆலோசகர் சொன்னபடியே செய்தார். அணைத்தார், பொட்டு வைத்தார், மறுநாள் போட்டார். வந்தது. இணையம் ஓடியது, மின்கடிதங்கள் வந்தன, பச்சை விளக்குகள் மின்னின. விதி ஒன்றுகூட இல்லாமல் வாசல் திறந்து கிடந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. பூட்டு இல்லாத கதவு நன்றாகத்தான் திறக்கும்.

மூன்று நாள் கழித்து ஏற்றுமதிப் பிரிவில் இருந்து கத்தல் கேட்டது. ஜெர்மனிக்கு அனுப்பும் கடிதமெல்லாம் திரும்பி வந்தது. லைன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மெயில் சர்வரைத் திறந்து பார்த்தேன். முன்பின் தெரியாதவர்கள் எங்கள் சர்வர் வழியாக உலகத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நூல் விற்கிறவர்கள். எங்கள் சர்வர் எங்கள் பெயரில் வழுக்கைத் தலைக்கு மருந்து விற்றது. அதனால் வாடிக்கையாளர்களின் சர்வர்கள் எங்களைக் குப்பை என்று முடிவு செய்து கதவைச் சாத்திவிட்டன. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கின் உறுதிக் கடிதம் அன்று போயாக வேண்டும்.

நான் முதலில் லைனைப் பிடுங்கினேன். அது சரியான முடிவு. ஏற்றுமதி மேலாளர் என்னைத் திட்டினார், பிடுங்கியது பிடுங்கியதுதான். கடிதத்தை ஃபேக்ஸில் அனுப்பச் சொன்னேன். அடுத்து ஆலோசகரைக் கூப்பிட்டேன். அவர் வந்து உட்கார்ந்து ரூட்டருக்குள் போனார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். ரூட்டரில் சேமித்திருந்த பிரதி திரையில் வந்தது. அது லைன் வந்த முதல் நாளின் பிரதி. ஒரு விதிகூட அதில் இல்லை.

நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்தார். “மொதல்ல லைன மேல கொண்டு வருவோம் அம்மணி” என்றார்.

அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார். பின்னால் பழனிச்சாமி, கையில் டெஸ்டரோடு. “என்னாச்சுங்க, யாரு என்ன பண்ணுனது?” என்றார் முதலாளி.

நான் சொன்னேன். நான் சொன்ன வாக்கியம் எனக்கு இன்றும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. “கான்ஃபிகரேஷன் சேவ் ஆகலைங்க, ரீஸ்டார்ட்ல போயிருச்சு.”

உண்மைதான். ஆனால் எப்பேர்ப்பட்ட கோழைத்தனமான உண்மை. அதில் ஆள் இல்லை. யார் சேமிக்கவில்லை என்று இல்லை. முதலாளிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் திரும்பாமல், தட்டச்சை நிறுத்தாமல், அவருக்கு மொழிபெயர்த்தார்.

“கரண்ட ஆஃப் பண்ணுனதால எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு அம்மணி சொல்றாங்க.”

முதலாளி பழனிச்சாமியைத் திரும்பிப் பார்த்தார். பழனிச்சாமி என்னைப் பார்த்தார்.

என் கையில் முப்பது வெளிநாட்டு முகவரிகள் இருந்தன. ஒவ்வொருவரிடமும் எங்கள் மீதான தடையை நீக்கும்படி கெஞ்ச வேண்டும். மற்றக் கடிதங்கள் போக வேண்டும். இதை முடித்துவிட்டு முதலாளியிடம் விளக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம், பழனிச்சாமி எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டேன். நாள் முழுக்கக் கெஞ்சினேன். மாலைக்குள் பாதி வழி திறந்தது. எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள்.

அந்த மாலைக்குள் பழனிச்சாமியை ஜெனரேட்டர் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். கணினி அறைப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு.

மறுநாள் கதவில் இருந்த தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். இம்முறை ஆளைச் சேர்த்துச் சொன்னேன். தொலைபேசியில் ஆலோசகர் சொன்னதையும் சொன்னேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார். அவர் மூடர் இல்லை, புரிந்துகொண்டார். மெதுவாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்குமுங்க அம்மணி. ஆனா நாளைக்கு அந்தப் பெரிய பெட்டிக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கூப்புடறது? அவரத்தான கூப்புடோணும்? பழனிச்சாமிக்கு எங்க இருந்தாலும் வேலைதானுங்களே.”

இதை உங்களுக்கு அழுத்தமாகச் சொல்கிறேன். பெட்டி வாங்கும்போது எத்தனை கேபிள் மாட்டலாம், என்ன வேகம் என்று மட்டும் பார்க்கிறீர்கள். அது பழுதானால் யாருடைய காலில் விழ வேண்டும் என்று பாருங்கள். உங்கள் ஆட்களால் கழற்றி மாட்ட முடியாத பெட்டியை வாங்கினால், அதை விற்றவன் சொல்லும் பொய்யையும் சேர்த்து வாங்குகிறீர்கள். எங்கள் முதலாளி அன்று உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் நிற்கவில்லை. பழனிச்சாமிக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவில் நின்றார். பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்.

பழனிச்சாமிக்கு எங்கே இருந்தாலும் வேலை இருக்கவில்லை. கொட்டகையில் இருந்தவர்கள், “வாங்க கம்ப்யூட்டர்காரரே, இதையாவது கெடுக்காம பாத்துக்குங்க” என்று தினமும் வரவேற்றார்கள். பொங்கலுக்கு முன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். போகிற அன்று என்னிடம் வந்து அந்த ஆங்கில எழுத்து நோட்டைக் கொடுத்தார். பாதிதான் எழுதியிருந்தது. “மீதித் தாளு நல்லாருக்குதுங் மேடம், எதுக்காச்சும் வெச்சுக்குங்க” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிணத்துக்கடவில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். இன்றும் அதுதான்.

நெருக்கடியில் முதலில் லைன், அப்புறம் ஆள் என்று உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால் நம்பாதீர்கள். லைன் அரை மணி நேரம் பொறுக்கும். அறையில் ஒருவன் தலைமேல் பொய் இறங்கும்போது, அந்த நொடியில் வாயைத் திறக்கவில்லை என்றால் பிறகு திறந்து பிரயோஜனம் இல்லை. அப்போது தொழில்நுட்ப வார்த்தையும் பேசாதீர்கள். ‘இவர் சேமிக்கவில்லை’ என்று சொல்லுங்கள். இரண்டே வார்த்தை. எனக்கு அன்று வரவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் பழனிச்சாமிக்குத் தொலைபேசி செய்தேன். மேடையில் ஆலோசகர் இப்படிச் சொன்னார் என்று சொன்னேன். பின்னால் கடையில் யாரோ மோட்டாரைத் தட்டும் சத்தம் கேட்டது.

“உடுங்க மேடம், பழைய கதை” என்றார். பிறகு, “எத்தன பேருங்க இருந்தாங்க?” என்றார்.

“அரங்கம் நெறயத்தாங்க.”

“எல்லாருமே சிரிச்சாங்களா?”

“அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் வாங்க” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

இனி ஆலோசகருக்கு. உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. அடுத்த கூட்டத்தில் அதே மேடை, அதே மைக். முன் வரிசையில் பழனிச்சாமி உட்கார்ந்திருப்பார். முதலில் வர மாட்டேன் என்றார், இப்போது ஒத்துக்கொண்டுவிட்டார். உங்கள் கையெழுத்தில் உள்ள தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். கொண்டு வருகிறேன்.

எனக்குத் தனியாகத் தொலைபேசி செய்யாதீர்கள். பொதுவான நண்பர்களைத் தூது அனுப்பாதீர்கள். கேள்வி ஒன்றுதான். அந்த விதிகளை நீங்கள் சேமித்தீர்களா, இல்லையா? மேடையில் ஏறி, உங்கள் பெயரைச் சொல்லி, அவர் பெயரைச் சொல்லி, பதில் சொல்லுங்கள். அன்று சிரித்த அத்தனை பேருக்கும் கேட்க வேண்டும்.